கல்சுவருக்கு ரெசின் எதற்கு?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் மூட்டுவலி, மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டேன்.

சரி, உன் ஊட்டி மாடல் ரயில் விஷயத்துக்கு வருகிறேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் செய்கிறாய். பாத்ரூம் சிலிக்கான் சீலன்ட்டில் கார்ன்ஃப்ளார் பிசைந்து கல்சுவருக்கு அச்சும் எடுத்தாயிற்று. அச்சில் இவ்வளவு சிக்கனம் பிடித்துவிட்டு, அதில் ஊற்ற எந்த ரெசின் (ஊற்றினால் பிளாஸ்டிக் மாதிரி இறுகும் திரவம்) வாங்கலாம் என்கிறாயே! 10 மீட்டர் உயரத் தாங்குசுவரே உன் கணக்கில் 11.5 சென்டிமீட்டர் வரும். மலை நெடுக அப்படிச் சுவர் வைத்தால் ரெசினுக்கே பென்ஷன் போய்விடும். அதோடு, ரெசின் கல்லாகத் தெரிய பிரைமர் அடித்து மெனக்கெட வேண்டும். பேசாமல் பிளாஸ்டர் ஊற்று, அது ஜிப்சம். கல்லிலிருந்து வந்தது, உடைந்தாலும் கல் மாதிரியே உடையும். நீர்த்த சாயத்தைத் தொட்டு வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஓரங்களில் பொடியும் என்பது உண்மைதான். அதற்குப் பல் மருத்துவச் சாமான் விற்கும் கடையில் டென்டல் ஸ்டோன் கேள். அதுவும் ஜிப்சத்தைச் சூடாக்கி எடுத்த தூள்தான். ஆனால் நீராவி அழுத்தத்தில் சூடாக்குவதால் துகள்கள் அடர்த்தியாக இருக்கும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும். 100 கிராம் பிளாஸ்டருக்கு 50 மில்லி தண்ணீர் என்றால் இதற்கு 30 போதும். மிச்சத் தண்ணீர் காய்ந்து போன இடத்தில் விழும் நுண்துளைகள்தான் பிளாஸ்டரின் பலவீனம். ஸ்டோனில் அவை குறைவு. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் ரெசினோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. தண்ணீரில் தூளைத் தூவு, தூளில் தண்ணீரை ஊற்றாதே. அச்சுக்குள் சோப்புத் தண்ணீர் லேசாகத் தெளித்துவிட்டு ஊற்றி, மேசையைத் தட்டினால் குமிழி மேலே வந்துவிடும். மீந்ததை மட்டும் சிங்கில் கொட்டிவிடாதே, குழாய்க்குள் இறுகிவிடும். அப்புறம் அண்ணியிடம் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

விளக்குக்கம்பம், ஜன்னல் சட்டம் போன்ற மெல்லிய சாமான்களை ஸ்டோனில் வார்த்தால் கழற்றும்போதே ஒடியும். அங்கே ரெசின்தான், அதிலும் எபாக்ஸி. பாலியூரித்தேன் ரெசின் சீக்கிரம் இறுகும், ஆனால் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பி நுரைத்துவிடும். உன் கடலூர்க் காற்றில் அதோடு மல்லுக்கட்டுவது வீண். எபாக்ஸியை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கண்ணளவில் ஊற்றாமல் டப்பாவில் போட்ட விகிதப்படி அள. சீலன்ட் அச்சில் வினிகர் நெடி முழுக்கப் போனபிறகு ஊற்று.

கடைசியாகக் கேட்டிருந்த ஜெலட்டின் அச்சை விட்டுவிடு. நம் வெயிலுக்கே இளகுவது, பிளாஸ்டர் இறுகும்போது வரும் சூட்டை எங்கே தாங்கப்போகிறது?

முதல் சுவர் அச்சைவிட்டு வெளியே வந்ததும் வண்ணம் பூசுமுன் போட்டோ அனுப்பு. வைகாசியில் மதுரைக் கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் வருகிறீர்கள்தானே? ரயிலில் வருவதென்றால் முன்பே சொல், நானும் அதே வண்டியில் பதிவு செய்கிறேன்.

அன்புடன்,
ராமு