கையெழுத்து இதழுக்கும் ஒரு தட்டு

ஆசிரியருக்கு,

வன்னியில் இளையோர் எழுதுவது அருகிவிட்டதாக உங்கள் ஞாயிறு தலையங்கம் கவலைப்பட்டிருந்தது. எழுத்து அருகவில்லை, அச்சகச் செலவுக்குப் பயந்து கொப்பிக்குள்ளேயே கிடக்கிறது. ஓர் ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கச் சிற்றிதழ் தயார். மிச்சத்தைப் போட்டோக்கொப்பிக் கடை பார்த்துக்கொள்ளும். 1930களில் அமெரிக்காவின் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தொடங்கிய 'ஸீன்' (zine) எனும் சொந்தச் சிற்றிதழ்ப் பழக்கமும் இப்படிக் கைக்காசில் நடந்ததுதான்.

நமக்கும் இது புதிதல்ல. 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறக்கும் முன்பு, பொருளாதாரத் தடைக்காலத்தில், புதுக்குடியிருப்பில் நாங்கள் நான்கு பேர் பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து இதழ் நடத்தினோம். ஒரே பிரதி. சைக்கிள் கரியரில் வீடு வீடாகப் போய்த் திரும்பும்போது, ஓரங்களில் வாசித்தவர்களின் சண்டையும் தேங்காயெண்ணெய்க் கறையும் சேர்ந்திருக்கும். கறையை வைத்தே எந்த வீட்டில் அதிக நாள் தங்கியது என்று சொல்லிவிடுவோம்! ஒரே பிரதி என்பதால் 2009 இடப்பெயர்வில் அத்தனையும் போயின. பிரதேச சபை நூலகங்கள் இத்தகைய இதழ்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கி, இரண்டு பிரதியாவது வாங்கி வைக்கலாம். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு ஒன்றை ஸ்கான் செய்யக் கொடுக்கலாம். அப்புறம், பதிவெண் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாமலிருந்தால் நல்லது.

ஒரு வாசகர்,
முல்லைத்தீவு