கோபுரமே இல்லாத சேப்பல்

ஆசிரியருக்கு,

அணைகளில் மூழ்கிய ஊர்கள் பற்றிய கட்டுரையில் வேல்ஸின் கப்பெல் கெலினுக்குக் கிடைத்தது இரண்டே வரி. அதிலும், 'கோடையில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும்' என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே கோபுரமே இருந்ததில்லை.

அது கால்வினிய மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சேப்பல், அதாவது எளிய ஜெபக்கூடம். இங்கிலாந்துத் திருச்சபைக்குக் கட்டுப்படாத இந்தச் சபையார் கிராமங்களில் கட்டியவை பெரும்பாலும் வீடு மாதிரிதான் இருக்கும். நீள ஜன்னல்கள், உள்ளே பிரசங்க மேடை, அவ்வளவுதான். ஊர்ப் பெயரிலுள்ள 'கப்பெல்' வெல்ஷ் மொழியில் சேப்பலையே குறிக்கிறது.

தண்ணீருக்காக இந்த ஊரை மூழ்கடித்து அணை கட்ட லிவர்பூல் மாநகராட்சி 1957-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் வாங்கியது. வெல்ஷ் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை, அப்படியும் நிறைவேறிவிட்டது. 1963 செப்டம்பர் 28-ல் கடைசி ஆராதனை. சேப்பல் கல்லறையிலிருந்து எட்டு உடல்களை மட்டும் தோண்டியெடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் ஏரிக்கு அடியில்தான் இருக்கிறார்கள். கல்லறைக் கற்கள் இப்போது கரையிலுள்ள நினைவுச் சேப்பல் தோட்டத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். எழுத்தெல்லாம் வெல்ஷ். பெயரையும் வருடத்தையும் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு வேடிக்கை. இதே சபையார் அயல்நாட்டு மிஷனைத் தொடங்கியது 1840-ல், அதே லிவர்பூலில்! மறுவருடம் சிரபுஞ்சிக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ்தான் மேகாலயாவின் காசி (Khasi) மொழியை ரோமன் எழுத்தில் எழுத வைத்தவர்.

கட்டுரை தொடாத இன்னொன்று ஹவோட் வாடோக் என்ற பண்ணை வீடு. அதுவும் ஏரிக்குள் போய்விட்டது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் குவேக்கர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர் கூடி ஜெபித்த இடம் அது. பக்கத்திலேயே அவர்களுக்குச் சின்னக் கல்லறைத் தோட்டமும் இருந்தது. மத நம்பிக்கைக்காக அனுபவித்த தொல்லை தாங்காமல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து குவேக்கர்கள் பலர் பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். கரையில் இதற்கு ஒரு நினைவுக் கல் உண்டு. கார்க்காரர்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

ஊரை மூழ்கடித்ததற்கு லிவர்பூல் மன்னிப்புக் கேட்டது 2005-ல். நான் குடியிருப்பதும் இந்த ஊரில்தான். அந்த ஏரியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் டீ (Dee) என்ற ஆற்றில் கலந்து, அங்கிருந்து எடுக்கப்பட்டு இங்கே வருகிறது. காலையில் காபிக்குக் குழாயைத் திறக்கும்போது எப்போதாவது நினைவு வரும்.

கோபுரத்துக்குத் திருத்தம் போடுவீர்கள் அல்லவா? அப்படியே குவேக்கர்களையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாசகர்,
லிவர்பூல்