ஃபிட் வாங்கிய மகளுக்கு

அன்பு மகளே,

நீ மாண்டலேயிலிருந்து அனுப்பிய கார் படத்தை உன் அம்மா தெருவில் காட்டாத ஆள் இல்லை. 2006 ஹோண்டா ஃபிட் நல்ல வண்டிதான், எனக்கும் சந்தோஷம். ஆனால் அவசரப்பட்டு இந்த வாரமே ரங்கூனுக்கு எடுத்து வராதே அம்மா. எக்ஸ்பிரஸ் ரோட்டில் 366 மைல். அதற்கு முன் வண்டிக்குள் என்ன ஆயில், எப்போது ஊற்றியது என்று தெரிய வேண்டும். "எல்லாம் மாத்தியாச்சு" என்று விற்றவர் சொன்னதை நம்பி உட்காராதே.

டிரைவர் கதவைத் திறந்து ஓரத்தைப் பார். ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்பதால், ஆயில் மாற்றிய தேதியோடு ஜப்பான் எழுத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். வருஷம் 25 என்று இருந்தால் அது 2013. அது ஹெய்செய் என்று ஜப்பான் மன்னர் காலத்தை வைத்து எண்ணும் வருஷக் கணக்கு, அதோடு 1988ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் பயப்படுவது கியர் ஆயிலுக்குத்தான். உன் வண்டியில் இருப்பது சிவிடி, உள்ளே பெல்ட்டில் ஓடும் கியர். அதற்கு ஹோண்டாவின் எச்.எம்.எம்.எஃப். ஆயில்தான் வேண்டும். நான் டாக்சி ஓட்டிய ஃபிட்டுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்று சாதாரண ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றிவிட்டார்கள். நானும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில வாரத்தில் ரங்கூன் சூலே சிக்னலில் பிரேக்கை விட்டால் போதும், குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி வண்டி உதறும். இரண்டு தடவை வடித்து சரியான ஆயிலை ஊற்றியும் அந்த உதறல் முழுசாகப் போகவில்லை. நீ மாற்றும்போது வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றச் சொல்.

இஞ்சின் ஆயில் அவ்வளவு சிக்கல் இல்லை. 5டபிள்யூ-30 என்று டப்பாவில் போட்ட ரகம் நம் வெயிலுக்குப் போதும். ஃபில்டரையும் சேர்த்து மாற்று.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் இருந்தால் எல்லாவற்றையும் வடித்துவிட்டு கூலன்ட் ஊற்று. நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்பார்கள். துருப் பிடிக்காமல் இருக்கவும் சீக்கிரம் கொதிக்காமல் இருக்கவும்தான் அது. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதே, பழையதோடு கலக்கவும் வேண்டாம். இஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கையும் முகமும் வெந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140லேயே கொதிக்கலாம். அப்போது பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடு. திறந்து வைத்த பழைய டப்பாவை ஊற்ற விடாதே. ஸ்டியரிங் ஆயில் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதே, உன் வண்டிக்கு அது கரண்டில் ஓடுகிறது.

கேன்களை வாங்கியதும் சீலை உடைக்காமல் முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன், பிறகு ஊற்றலாம். காளி கோயிலில் பூஜை போட அம்மா நாள் பார்த்துவிட்டாள், ஆனால் நீ ஆயிலை மாற்றி இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே கிளம்பு.

அன்புடன்,
அப்பா