குறட்டை என்று நினைத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் ஒரே மாதிரியான செய்தி ஒன்று அடிக்கடி வருகிறது. இத்தனை மில்லிகிராம் ஹெரோயினுடன் இளைஞர் கைது, நீதவான் முன் ஆஜர், விளக்கமறியல். அப்படியான ஒரு செய்தியில் என் தம்பியும் இருந்தான். பெயர் போடவில்லை, வயதும் ஊரும் மட்டும்தான். அவன் செத்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டது நாங்களேதான். 'திடீர் சுகவீனம் காரணமாகக் காலமானார்' என்று அடித்துக் கொடுத்தோம். சந்தியில் கட்டிய கண்ணீர் அஞ்சலியிலும் அதுதான். வீட்டுக்கு வந்தவர்களிடம் மாரடைப்பு என்றோம். அவனுக்கு 27 வயது.

நான் தையல்காரி. களுவாஞ்சிகுடியில் வீட்டு முன்விறாந்தையில் மெஷின் போட்டிருக்கிறேன். தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். ஒரு மட்டக்கோல்கூட இல்லாமல் கண்ணாலேயே நேர் பார்த்துச் சொல்வான். கொந்தராத்துக்காரர் ஒருவரோடு கொழும்புக்குப் போய் இரண்டு வருடம் நின்றான். முழங்கால் நோவுக்கும் இரவு வேலைக்கும் என்று அங்கே தொடங்கியதுதான் தூள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை. என்னுடைய தோடும் அம்மாவின் காப்பும் எப்படிப் போயின என்பது இந்தப் பாதையில் பிள்ளையை விட்ட எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை.

ஏழு மாதம் மறியலில் இருந்துவிட்டு வந்தான். உடம்பு தேறியிருந்தது. அம்மா வாவி இறால் வாங்கி முருங்கைக்காயோடு ஆக்கிப் போட்டா. இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றான். புதுக் காற்சட்டை ஒன்று வாங்கி வந்து, "கால் நீளம் அக்கா, மடிச்சுத் தாங்க" என்று மெஷினில் வைத்துவிட்டுப் போனான். நாங்கள் பதினொரு நாள் நிம்மதியாக இருந்தோம்.

பன்னிரண்டாம் நாள் இரவு ஒன்பதரை மணிபோல ஒரு சிநேகிதப் பொடியன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். "களைப்பாம் அக்கா, படுக்க விடுங்க" என்றான். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். பாடசாலை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. தைத்துக்கொண்டிருக்கும்போது குறட்டைச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம். தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. எத்தனை மாதத்துக்குப் பிறகு பிள்ளை இப்படி அயர்ந்து தூங்குகிறான் என்று எனக்குச் சந்தோஷம். அவனுடைய தூக்கம் கெடக்கூடாது என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கையால் பொத்தான் தைத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு சத்தம் நின்றது. இனி அமைதியாகத் தூங்குவான் என்று விளக்கை அணைத்தேன்.

காலையில் தேத்தண்ணியோடு போனது அம்மா.

பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: "இடையில் கொஞ்சக் காலம் விட்டிருந்தாரா?" ஏழு மாதம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டுப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். தொடர்ந்து எடுக்கிற உடம்பு அந்த அளவைத் தாங்கப் பழகிவிடும். மறியலிலோ புனர்வாழ்விலோ சில மாதம் இருந்தால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூளை மூச்சு விடச் சொல்வதை மறந்துவிடும். குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். மறியலால் வந்த முதல் கிழமைகள்தான் ஆகப் பயங்கரமானவை என்றார். நாங்களோ அந்த நாட்களில்தான் ஆபத்து முடிந்தது என்று கோயிலுக்குப் பொங்கல் வைத்தோம்.

நான் கேட்டது குறட்டை இல்லையாம். மூச்சு அடைபடுகிற சத்தமாம்.

ஆசிரியரே, நான் எழுத வந்தது இதற்காகத்தான். ஹெரோயின் எடுத்த ஒருவர் தட்டியும் கூப்பிட்டும் எழும்பாவிட்டால், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், உதடும் நகமும் நீலம் பாய்ந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், அது தூக்கமில்லை. உடனே 1990க்கு எடுக்க வேண்டும். அது இலவச அம்பியூலன்ஸ். வரும்வரை ஆளைத் தனியே விடக்கூடாது. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். இப்படி மயங்கியவர் சாவதற்குப் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரமாவது எடுக்குமாம். எனக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது.

நலொக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஹெரோயினால் நின்றுபோகிற மூச்சைச் சில நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவரும். அதன் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். ஐஸ் என்கிற மற்றப் போதைப்பொருளுக்கு இது வேலை செய்யாது. பக்கத்தில் இருக்கக்கூடிய உறவினர், சிநேகிதர் கையில் இந்த மருந்து கிடைக்க வேண்டும், பாவிக்கவும் பழக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சொல்லியிருக்கிறது. வைத்தியர் எழுதித் தந்த பெயரை ஒரு பாமசியில் காட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். மறியலால் பிள்ளையைக் கூட்டி வருகிற தாயிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லையே. ஒரு துண்டுக் கடதாசியாவது கொடுக்கக் கூடாதா?

அந்தப் பொடியன் 31ஆம் நாள் வந்து கடப்படியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. "பொலிஸுக்குப் பயந்துதான் அக்கா சொல்லேல்ல" என்று அழுதான். எனக்குக் கோபம் வந்தது, வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் வருத்தக்காரனைத் தூக்கி வருகிறவனுக்கு விலங்கு மாட்டுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை இன்னொரு பொடியனும் இப்படித்தான் இறக்கிவிட்டுப் போவான்.

அம்மாவிடம் பல மாதம் மாரடைப்பு என்றே சொல்லி வந்தேன். போன கிழமைதான் உண்மையைச் சொன்னேன். அவ வெற்றிலையை மடித்தபடியே, "தெரியும் மகள். அவன் ஒருநாளும் குறட்டை விட்டதில்லையே" என்றா. அன்றிரவு அவவும் விழித்துத்தான் கிடந்திருக்கிறா. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

கைதுச் செய்தி போடுகிற ஒவ்வொரு முறையும், அதன் கீழே இந்த அடையாளங்களையும் 1990 என்ற இலக்கத்தையும், விடுபட விரும்புகிறவர்களுக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தையும் நாலு வரியில் போடுங்கள்.

அவனுடைய காற்சட்டையை மடித்துத் தைத்துவிட்டேன். ஆண்டுத் திவசம் வருகிறது. அறிவித்தலை இத்துடன் அனுப்புகிறேன். 'ஹெரோயின் அளவு மீறியதால் எம்மைப் பிரிந்த' என்று எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். அந்தச் சொற்களை மாற்றாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
களுவாஞ்சிகுடி.