கூடமும் கொஞ்சம் கோணல்தான்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்றதும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். முதலில் பிடித்து இழுத்தது என் கிட்டார் ஸ்டாண்டைத்தான். கிட்டார் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. விலை உயர்ந்ததாக இருந்திருந்தால் அன்று வீடே ரெண்டுபட்டிருக்கும். நான் சிரித்துக்கொண்டே பசை தடவினேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சேமிப்பை எடுத்து அந்த விலை உயர்ந்த கிட்டாரை வாங்கலாமா? போன மாதம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றை வாசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், வித்தியாசம் இருக்கிறது. அதன் முன்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், நம்முடையது ப்ளைவுட். ஒரு ஜி கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்த ஒலியை, தட்டினால் சத்தம் ஓயும்வரை வயிற்றில் அதிர்வு தெரிகிறது. இரண்டு நாள் அதே நினைப்புதான்.

அப்புறம் என் கிட்டாரை எடுத்து அளந்தேன். 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 3.5 மில்லிமீட்டர்! கம்பி இவ்வளவு உயர்ந்து நின்றால் விரலால் அழுத்துவதே பாடு, 2.5 இருந்தாலே தாராளம். அந்த ஃப்ரெட், கம்பியைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டுக்கும் உடல்பக்கம் தாங்கும் சேடிலுக்கும் சரிபாதியில் இருப்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி சேடிலைக் கழற்றினேன். அடிப்பக்கத்தை உப்புத்தாளில் கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது என்று ஒரு மத்தியானமே போனது. புதுக் கம்பி மாட்டினேன். இத்தனை வருஷம் டொக் டொக்கென்று செத்துக் கிடந்த எஃப் கார்டு பேசியது! இரண்டாம் கம்பி மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது, அது என் விரலின் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடமும் கொஞ்சம் கோணல்தான்.

குயீன் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே கதையை எழுதியிருந்தாய். 1963இல் அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் கிட்டார் செய்ய ஆரம்பித்தவர். மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கைக்கூட விடவில்லை. அந்தக் குழுவின் மேடைகளில் ஒலித்தது அதுதான். ஆனால் 'இருப்பதே போதும்' என்று அவர் அதைச் செய்யவில்லை. ஆசைப்பட்டதை வாங்கக் காசில்லை, அதனால் தானே செய்துகொண்டார். அதைப் போய் எளிமைக்கு உதாரணம் காட்டுகிறாயே!

உன் கிட்டாரின் கழுத்து நிஜமாகவே முறுக்கியிருந்தால், அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வேறு வாங்கு, விலை உன் இஷ்டம். ஆனால் முதலில் அளந்து பார். அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவா, உப்புத்தாள் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி