மேல்வீட்டானுக்கு ஒரு நத்தார் கடிதம்

அன்பின் மேல்வீட்டானுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒக்டோபரில் நீ எழுதிய அந்த நீளமான கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை, தீபாவளிக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பவில்லை, கோபமாக இருப்பாய் என்று தெரியும். திட்டுவதை எல்லாம் சேர்த்து வை மச்சான், போனில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எழுதுவது அம்மாவைப் பற்றி. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை, சீனி மட்டும் ஏறி இறங்குகிறது. ஆனால் போன ஞாயிறு இரவு இங்கே நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அப்பா வைத்திருந்த, அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் அந்த நத்தார் ரெக்கோட்டைத் தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பது அம்மாவும் நீயும் நானும்தான்.

மறதி கூடிவிட்டது. சில நாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு, வேலை கிடைத்ததா என்று கேட்பார். பேத்தியின் பெயர் வருவதில்லை. ஆனால் பாட்டு எல்லாம் இருக்கிறது, ஒரு சொல் தவறுவதில்லை.

அது நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. உனக்குத்தான் தெரியுமே, அதற்கு முன் எங்கள் வீட்டில் ஜிம் ரீவ்ஸ் பாடக்கூடாது. மகள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தாள், போனில் தேடி அந்த அல்பத்தைப் போட்டும் விட்டாள். முதலில் வந்தது ‘மெரி கிறிஸ்மஸ் போல்கா’, அந்தத் துள்ளல் பாட்டு. அம்மா கதிரையில் இருந்தபடியே கையால் தாளம் போட்டார், எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்ததாக வந்தது ‘சைலன்ட் நைட்’. போனில் பாட்டுகள் கலைந்து வருகிற மாதிரி வைத்திருந்திருக்கிறாள், அவள் அப்படித்தான் எப்போதும் கேட்பாள். அம்மா தாளத்தை நிறுத்தினார். எழும்பி உள்ளே போனார். நாங்கள் பாத்ரூமுக்கு என்று நினைத்தோம். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது அந்தப் பழைய நீலப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தார், கொசுவம் நேராக நின்றது, தலைக்கு லேஸ், கையில் ஹான்ட்பாக், காலில் செருப்பு. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அப்பா எங்கே, இன்னும் வெளிக்கிடேல்லையா? பூசைக்கு நேரமாச்சு, இடம் கிடைக்காது” என்றார்.

நேரம் இரவு ஏழே கால். நத்தாருக்கு இன்னும் எத்தனையோ நாள். அப்பா போய்ப் பதினான்கு வருடம்.

நான் என்ன செய்வேன்? லிப்டில் கூட்டிக்கொண்டு இறங்கி, காலி வீதி வரை நடந்து, பூசை முடிந்துவிட்டது அம்மா என்று சொல்லித் திரும்பக் கூட்டி வந்தேன். வரும் வழியெல்லாம் அழுதார். எப்படிப் பிந்தினோம், எப்படிப் பிந்தினோம் என்று அதையே கேட்டார். மகளும் அழுதாள், அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் விளங்கியது மச்சான். அப்பாவின் சட்டம் நினைவிருக்கிறதா? பன்னிரண்டு பாட்டு, பக்கத்துக்கு ஆறு. முதல் பக்கம் ‘ஜிங்கிள் பெல்ஸ்’இல் தொடங்கி ‘வைட் கிறிஸ்மஸ்’இல் முடியும், அது கேக் அடிக்கிற பக்கம், ரவை வறுக்கிற பக்கம், கஜு வெட்டுகிற பக்கம். தட்டைப் புரட்டினால் ‘சில்வர் பெல்ஸ்’, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெத்லகேமுக்குள் போய்விடும். கடைசிப் பாட்டு ‘சைலன்ட் நைட்’. அதை டிசம்பர் முழுக்க அப்பா போடவே விடமாட்டார். பதினோராவது முடிகிற நேரம் கதிரையை விட்டு எழும்பி வந்து, தன் கையால் ஊசியைத் தூக்கிவிடுவார். “மிச்சம் இருபத்துநாலாந் திகதி.” 24ஆம் திகதி இரவு, எல்லோரும் குளித்து உடுத்தி நிற்கும்போது மட்டும் அது பாடும். அது முடிந்தால் லைட்டை நிறுத்திவிட்டுக் கோயிலுக்கு நடப்போம். அதனால்தான் அந்தத் தட்டில் மற்ற எல்லாப் பாட்டிலும் பொரிகிற சத்தம் கேட்கும், கடைசிப் பாட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. கிட்டப் பிடித்துப் பார்த்தால்கூடத் தெரியும், நடுவில் லேபலுக்குப் பக்கத்தில் அந்த ஒரு வளையம் மட்டும் புதுக் கறுப்பாக மினுங்கும்.

அம்மாவுக்கு அது பாட்டு இல்லை. கோயிலுக்கு வெளிக்கிடச் சொல்லும் மணி.

நீ ஒக்டோபரில் எழுதியிருந்தாய், ஜிம் ரீவ்ஸ் ஒரு தாலாட்டுக்காரன், நத்தார் அல்பம் என்றால் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் போட்டதுதான் அல்பம் என்று. உனக்காக அதையும் கேட்டேன். சத்தம் கூட என்றாலும் நன்றாகத்தான் இருக்கிறது, ரொனெட்ஸ் பாடுகிற இடங்களில் மனுஷனால் சும்மா இருக்க முடியாது. ஆனால் நீ கவனித்தாயா, அதுவும் 1963, எங்களுடையதும் 1963. ஸ்பெக்டரின் தட்டு நவம்பர் 22ஆம் திகதி, கென்னடியைச் சுட்ட அதே நாளில் வெளிவந்திருக்கிறது, கேட்கிற மனநிலையில் யார் இருந்திருப்பார்கள். அதன் கடைசிப் பாட்டும் ‘சைலன்ட் நைட்’தான்! ஆர்ப்பாட்டம் எல்லாம் ஓய்ந்த பிறகு, கடைசியில் அது. அந்தக் காலத்தில் ஒரு அல்பம் செய்தவர்கள் எதை எங்கே வைப்பது என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கலைத்துப் போட்டுக் கேட்பது சோறு கறியை விட்டுவிட்டு வட்டிலப்பத்தில் தொடங்குவது மாதிரி, எனக்கு அது பிடிக்கவே இல்லை, இனிப் பிடிக்கப் போவதுமில்லை.

ஜிம் ரீவ்ஸைப் பற்றி இன்னொன்று. 1964 ஜூலை 31ஆம் திகதி, தானே ஓட்டிய சின்ன விமானம் நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார், வயது நாற்பது. அந்தத் தட்டு வந்த பிறகு அவர் கண்டது ஒரே ஒரு நத்தார். கொழும்பில் எத்தனை வீட்டில் எத்தனை வருடம் அவர் குரல் இல்லாமல் கேக் வெட்டியிருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

உன் அம்மா ஒருமுறை கேட்டாரே, வேர்த்து ஒழுகுகிற ஊரில் இருந்துகொண்டு என்னத்துக்கு ஸ்னோ ஸ்னோ என்று பாடுகிறீர்கள் என்று. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போது இருக்கிறது, அவர் இல்லை. ‘வைட் கிறிஸ்மஸ்’ எழுதிய இர்விங் பெர்லின் அதற்கு ஒரு முன்பாட்டும் எழுதியிருக்கிறார், முக்கால்வாசிப் பேர் அதை விட்டுவிட்டுத்தான் பாடுவார்கள். அதில் கலிபோர்னியாவில் வெயில் எறிக்கிறது, தோடை மரமும் பனை மரமும் ஆடுகின்றன, அங்கே இருந்துகொண்டுதான் அவன் பனிக்கு ஏங்குகிறான். நாட் கிங் கோல் பாடுகிற ‘த கிறிஸ்மஸ் சோங்’கும் அப்படித்தான், 1945இல் சுட்டெரிக்கிற ஜூலை மாதத்தில் எழுதியது. இதெல்லாம் வேர்த்துக்கொண்டிருந்தவர்களின் பாட்டு மச்சான், வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பாட எங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அங்கே பனி அள்ளி முதுகு பிடித்துக்கொண்டவன் நீ, உனக்குத்தான் உரிமை இல்லை.

மார்கழி விடியற்காலையில் உங்கள் மேல்மாடியில் திருவெம்பாவை, பொழுதுபட்டால் எங்கள் கீழ்வீட்டில் ஜிம் ரீவ்ஸ். தெருவில் சங்கும் சேமக்கலமும் போகும்போது அம்மா எழும்பி ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்பார். உன் அம்மா முழுப் பன்னிரண்டையும் தரையோடு காது வைக்காமலே பாடமாக்கி வைத்திருந்தார். பலகைத் தரையில் நீ மூன்று தரம் காலால் தட்டினால் போல்காவைத் திரும்பப் போட வேண்டும், அப்பா மற்ற யார் கேட்டாலும் மசியமாட்டார், உன் கால் சத்தத்துக்கு மட்டும் ஊசியைத் திரும்ப வைப்பார். இறக்குமதி எல்லாம் இறுகிக் கிடந்த காலம், ஒரு புதுத் தட்டு வாங்குவது நடக்காத காரியம், துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய அந்த ஒரு தட்டை 77 வரை பிள்ளை மாதிரிப் பார்த்தார். அதன் பிறகு கடை திறந்தது, கசெற் வந்தது, பொனி எம் வந்தது. உனக்குப் பொனி எம் பைத்தியம். இன்றைக்கும் டிசம்பரில் புறக்கோட்டையில் நடந்தால் கடைக்குக் கடை அவர்களுடைய ‘மேரிஸ் போய் சைல்ட்’தான், 78இல் வந்த பாட்டு இன்னும் களைக்கவில்லை.

உன்னிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றையும் இதில் எழுதிவிடுகிறேன். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நீங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்விட்டீர்கள், நாங்கள் கோயிலில் தங்கியிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். அந்த டிசம்பரில் அப்பா ரெக்கோட்டைத் தொடவில்லை. ஒரு இரவு அம்மாதான் எடுத்துப் போட்டார், நேராக இரண்டாம் பக்கம். முடிந்ததும் புரட்டி முதல் பக்கத்தைப் போட்டார், போல்கா வந்தது. முடிந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை, எல்லோரும் மேலே பார்த்தோம். அப்பா எழும்பி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கள் இரவு நானே போனில் பன்னிரண்டையும் பழைய வரிசையில் அடுக்கினேன். பதினொன்றோடு நிறுத்துவது என்று முடிவு. அம்மா அமைதியாகக் கேட்டார். ஒரு பாட்டு முடிகிற கடைசி இழுவையிலேயே அடுத்ததன் முதல் வரியை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார், இன்னும் இசைகூட வந்திருக்காது. மகளின் பெயர் தெரியாத அதே அம்மா! ‘வைட் கிறிஸ்மஸ்’ முடிந்தது. அம்மா மடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார், உள்ளங்கைகளுக்கு நடுவில் எதையோ விளிம்பில் பிடிக்கிற மாதிரி வைத்து, மெதுவாகப் புரட்டினார். அதற்குள் ‘சில்வர் பெல்ஸ்’ தொடங்கிவிட்டது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார், நான் ஏதோ பிழை செய்த மாதிரி.

இப்போது ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, அவர் புரட்டி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு தொடங்குகிறேன். ஆனால் வெறுங்கையால் புரட்டுகிறார் மச்சான். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தத் தட்டு கொட்டாஞ்சேனையிலிருந்து இங்கே வரும்போது உடைந்தது உனக்குத் தெரியும், சாமான் ஏற்றியவர்கள் பெட்டிக்கு மேல் காஸ் சிலிண்டரை வைத்துவிட்டார்கள். பிளேயர் இருக்கிறது. ஒன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு வயதானவரைப் பிடித்து பெல்ட் மாற்றி ஊசியும் போட்டுவிட்டேன், சுற்றுகிறது.

உன் ஊரில் பழைய ரெக்கோட் கடைகள் இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தத் தட்டு வேண்டும். ‘ட்வெல்வ் சோங்ஸ் ஒவ் கிறிஸ்மஸ்’, ஆர்.சி.ஏ. விக்டர். வேறு பெயரில் பிறகு வந்த தொகுப்புகள் வேண்டாம், வரிசை மாறியிருக்கும், பின் அட்டையில் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து வாங்கு. கீறல் இருந்தால் பரவாயில்லை, முதல் பதினொன்றிலும் கீறல் இருந்தால் இன்னும் நல்லது. உன் மச்சாள் பதினெட்டாம் திகதி வருகிறாரே, கைப்பையில் கொடுத்துவிடு, பெட்டிக்குள் போடவேண்டாம். காசு எவ்வளவு என்று சொல், வாதாடாதே.

அப்புறம் 24ஆம் திகதி. பீபீசியில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கரோல் ஆராதனை எங்களுக்கு இரவு எட்டரைக்கு, உனக்குக் காலை பத்து மணிக்கு. 1928இலிருந்து வானொலியில் வருகிறது, அப்பா சிற்றலையில் காதைப் பிடித்துக்கொண்டு கேட்பாரே. முதலில் ஒரு சின்னப் பையன் தனியாகப் பாடுவான், எந்தப் பையன் என்று கடைசி நொடியில்தான் கையைக் காட்டுவார்களாம். நீயும் அதைக் கேள். அது முடிந்து பத்தரைக்கு, உனக்கு நடுமத்தியானம், நாங்கள் ரெக்கோட்டைப் போடுவோம், முழுதாக, பன்னிரண்டும். போனைத் திறந்து பக்கத்தில் வைக்கிறேன். போல்கா முடிந்ததும் நீ அங்கே மூன்று தரம் தட்டு. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தட்டு, உன் வீட்டில் கார்ப்பெட் என்று சொன்னாய், கேட்காமல் போய்விடும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
கீழ்வீட்டான்