ஒரு சொல்லுக்கு இத்தனை நேரமா?

அன்புள்ள தங்கைக்கு,

"ஒரே சொல்லை இழுத்துக்கொண்டே போகிறார்கள், இதில் செபம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். பங்குப் பாடகர் குழுவில் இத்தனை வருடமாகப் பாடுகிறவள் கேட்கும் கேள்வியை ஒற்றை வரியில் தள்ளிவிட மனம் வரவில்லை.

நான் அனுப்பியது இசையமைப்பாளர் பெரோத்தினின் 'விதெருந்த் ஓம்னெஸ்' ('அனைவரும் கண்டார்கள்') என்ற லத்தீன் பாடல். 1200ஐ ஒட்டி, பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் பாடப்பட்டது. கோயில் அப்போது கட்டி முடியவில்லை. தலைமைப் பீடம் 1182இலேயே அர்ச்சிக்கப்பட்டுவிட்டது. மேற்குப் பக்கம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. ஜனவரி 1 திருவிழாவில் புகுந்துவிட்ட கூத்தையும் கும்மாளத்தையும் ஒழிக்க ஆயர் ஓதோ தெ சுல்லி 1198இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளாக, மூன்று குரலிலும் நான்கு குரலிலும் பாடலாம் என்ற அனுமதியும் அதே ஆணையில்தான் இருக்கிறது. ஆரவாரத்தை வெளியேற்றிய கையோடு இசைக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி நீ கேட்ட அந்தச் சொல்லுக்கு, 'விதெருந்த்' என்பதற்கு வருகிறேன். அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேள். 'வி' என்ற ஓர் அசை. அசையாமல் நிற்கும் ஒரே சுரம். மேலே மூன்று குரல்கள் ஒன்றையொன்று உரசி, விலகி, ஒருவர் பாடியதை அடுத்தவர் வாங்கிப் பாடி, துள்ளிக்கொண்டே இருக்கின்றன. தம்புரா சுருதி என்று எண்ணிவிடாதே, இது நகரும். வெகுநேரம் கழித்து 'தெ' என்று அடிக்குரல் மாறும்போது, காலடியில் தரையே பெயர்வது போல இருக்கும். அந்த அடிக்குரல் பெரோத்தின் இயற்றியதல்ல. அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே பாடப்பட்டுவந்த கிரகோரியன் பாடல், அதாவது எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் பழைய வழிபாட்டுப் பாடல். அதில் ஒரு சுரத்தைக்கூட அவர் தள்ளவில்லை. நீட்டி, அதன்மேல் கட்டினார்.

சொல் காணாமல் போகிறது என்கிறாய். யாருக்கு? பீடத்தைச் சுற்றி நின்ற குருக்கள் திருப்பாடல்கள் அனைத்தையும் வாரந்தோறும் ஓதியவர்கள், மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லைத் தெரிவிக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்றையும் கவனி. காணிக்கைப் பாடலும் நற்கருணைப் பாடலும் ஒரு செயலோடு ஓடுகின்றன. இந்தப் பாடலோ திருப்பலியில் வாசகத்துக்குப் பின், நற்செய்திக்கு முன் வருவது. அங்கே வேறு வேலை எதுவும் நடப்பதில்லை. பாட்டைக் கேட்பதுதான் அந்நேரத்து வழிபாடு.

உன்னைப் போலக் குறைப்பட்டவர்கள் அன்றும் உண்டு. 1324-25இல் திருத்தந்தை 22ஆம் யோவான், தம் காலத்துப் புதுப் பாணிப் பாடல்கள் பழைய ராகத்தை மறைக்கின்றன என்று கண்டித்து ஆணையே எழுதினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பெரோத்தினிடம் அந்தக் குறையை என்னால் காண முடியவில்லை.

முக்கியமான இடத்தை நீ தவறவிட்டிருப்பாய். நான்கு குரலில் வருவது 'விதெருந்த் ஓம்னெஸ்' என்ற இரு சொற்களும், பின்னால் வரும் வசனத்தின் பெரும்பகுதியும்தான். 'ஓம்னெஸ்' முடிந்ததும் பாடகர் குழு முழுவதும் சேர்ந்து மீதி வரியை ஒரே ராகத்தில், வெறும் குரலில் பாடும். அத்தனை நேரம் நிலத்துக்கடியில் கிடந்த பழைய பாடல் அப்படியே மேலே வந்து நிற்கும். எனக்கு அங்கேதான் கண் கலங்கியது.

அது 98ஆம் திருப்பாடல். கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியில் நீங்கள் பாடும் பதிலுரைப் பாடலும் அதுவே. உலகெங்கும் உள்ளவர்கள் கடவுளின் விடுதலையைக் கண்டார்கள் என்ற அதே வரி. இந்த வருட ஒத்திகைக்குப் போவதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை கேள். 'தெ' வரும்வரை நிறுத்தாதே.

அன்புடன்,
அண்ணன்